யூஎஸ்பி டாங்கிள் சுடுகிறது, சத்தமும் காதைக் குத்துகிறது: இரண்டுக்கும் ஒரே காரணமா?

பாட்டுப்பைத்தியம்:
போன வாரம் 1,800 ரூபாய்க்கு இயர்போனைப் போனின் சார்ஜ் துளையில் இணைக்க ஒரு யூஎஸ்பி-சி டாங்கிள் வாங்கினேன், என் போனில் ஹெட்போன் ஜாக் கிடையாது. அரை மணி நேரம் கேட்டாலே அலுமினியக் கூடு டீ கிளாஸ் மாதிரி சுடுகிறது. குரலில் ‘ஸ’ வரும் இடத்திலெல்லாம் காதுக்குள் ஊசி இறங்குகிறது, வயலின் மேல் ஸ்தாயிக்குப் போனால் இயர்போனைக் கழற்றிவிடத் தோன்றுகிறது. சூட்டினால்தான் சத்தம் கெடுகிறதா? திருப்பி அனுப்ப இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது.

ஈயப்பற்று:
முதலில் ஒரு சோதனை. ராத்திரி முழுக்கக் கழற்றி வைத்துவிட்டு, காலையில் செருகிய கையோடு அதே பாட்டின் அதே வரியைக் கேளுங்கள். ஜில்லென்று இருக்கும்போதும் குத்தினால் சூட்டின் மேல் பழி போடாதீர்கள்.

5 வோல்ட்டில் 100 மில்லிஆம்ப் இழுத்தாலே அரை வாட், அதில் பெரும்பங்கு அந்த விரலளவு கூட்டுக்குள்ளேயே சூடாகத்தான் போகிறது, நம் மே மாத அறையில் அது சுடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். டாங்கிளில் 4.4 மி.மீ. பேலன்ஸ்டு ஜாக் (வழக்கமானதைவிடத் தடித்த, கூடுதல் பவர் தரும் துளை) இருந்து அதில் கேட்டால் பொதுவாக இன்னும் கொஞ்சம் கூடும். கையில் பிடிக்கவே முடியவில்லை, தீய்ந்த வாசனை வருகிறது என்றால் மட்டும் யோசிக்காமல் திருப்பி அனுப்புங்கள்.

மூணாவது_காது:
பிளேயரில் ஈக்வலைசர் (மேல், கீழ் ஸ்தாயி ஓசைகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் அமைப்பு) ஏதாவது போட்டிருக்கிறீர்களா? இப்போதைய பாட்டுகள் பலவும் உச்ச அளவை ஒட்டியே பதிவாகி வருகின்றன, அதற்கு மேல் டிரெபிளை, அதாவது மேல் ஸ்தாயி ஓசையை, 6 டெசிபல் ஏற்றினால் அலையின் தலை வெட்டுப்பட்டு கரகரவென்றுதான் வரும். எவ்வளவு ஏற்றினீர்களோ அவ்வளவு ப்ரீஆம்பை, அதாவது ஈக்வலைசரில் இருக்கும் மொத்த அளவை, குறையுங்கள். நான் எதையும் ஏற்றுவதே இல்லை, 6 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 3 டெசிபல் இறக்குவதோடு சரி, மலிவு இயர்போன்களில் அங்கேதான் பெரும்பாலும் முள் இருக்கிறது. ஃபோம் டிப் (காதுக்குள் போகும் பஞ்சு முனை) போட்டாலும் கொஞ்சம் அடங்கும். அப்புறம், டாங்கிளின் கெயின் (சத்தத்தை எவ்வளவு பெருக்குவது என்ற அமைப்பு) ஹையில் இருந்தால் லோவுக்கு மாற்றுங்கள், இயர்போனுக்கு அது தாராளம்.

பாட்டுப்பைத்தியம்:
காலையில் ஜில்லென்று இருக்கும்போதே குத்தியது. பிறகு பிளேயரைத் திறந்து பார்த்தால், மந்தமாகக் கேட்ட பழைய இயர்போனுக்காகப் போட்ட ஈக்வலைசர் அப்படியே கிடக்கிறது, டிரெபிள் ப்ளஸ் 6! அணைத்ததும் வயலின் வயலினாகக் கேட்கிறது, ‘ஸ’ மட்டும் லேசாக உறுத்துகிறது, ஃபோம் டிப் வாங்கிப் பார்க்கிறேன். சூடு குறையவில்லை, ஆனால் கையில் பிடிக்க முடிகிறது.

ஈயப்பற்று:
கேட்காத நேரத்தில் பிடுங்கி வையுங்கள் தம்பி, பாட்டு ஓடாவிட்டாலும் அது போன் பேட்டரியைக் குடித்துக்கொண்டுதான் இருக்கும்.