மறு: பிஞ்சுக்கும் நெற்றுக்கும் நடுவில் ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம். பயறு வகைகளில் இளம் பிஞ்சுக்கும் முற்றிக் காய்ந்த நெற்றுக்கும் நடுவில் விதை இருக்கும் நிலைக்கு ஒரு சொல் தேடுகிறோம். அதற்கு ஏற்காட்டு அக்கா கேட்டது:

> 'விதைப் பழுப்பு' என்று வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் அக்கா. மொச்சை முற்றும், நெற்றாகும், பழுக்காது. நேற்று ஒருவர் எழுதிய 'விதைமுற்றம்' எனக்குக் கோலம் போட்ட வாசலைத்தான் நினைவூட்டியது.

சொல்லுக்கு முன் பொருளைப் பிரித்துக்கொள்வோம். பச்சைப் பட்டாணி 100 கிராமில் புரதம் சுமார் 5 கிராம். காய்ந்ததில் 24-ஐ ஒட்டி வரும். இதை வைத்து 'முற்றினால் புரதம் ஐந்து மடங்கு' என்று எழுதிவிடக் கூடாது. பச்சைப் பட்டாணியில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதைக் கழித்துப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அளவைவிடத் தன்மைதான் மாறுகிறது. விதை திரளத் திரளச் சேமிப்புப் புரதங்கள் குவிகின்றன, கூடவே பைட்டிக் அமிலமும் ஏறுகிறது. இரும்பையும் துத்தநாகத்தையும் உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்வது அதுதான். புரதச் செரிமானத்தைக் கெடுக்கும் டிரிப்சின் தடுப்பான் வேகவைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். பைட்டிக் அமிலம் வேக்காட்டுக்கு அவ்வளவாக மசியாது. ஊறவைத்து முளைகட்டினால் குறையும்.

ஆகவே பருவத்தைச் சொல்லாமல் 'பயறுப் புரதம் நல்லது' என்பது பாதிச் செய்தி. பிஞ்சு, நெற்று இரண்டும் நம்மிடம் உண்டு. பருப்பு நிறைந்தும் பச்சை மாறாத நடு நிலைக்குத்தான் பெயர் இல்லை. 'வினையியல் முதிர்ச்சி' இதற்குப் பொருந்தாது. அது உலர் எடை உச்சம் தொடும் கட்டம், இன்னும் பிந்தியது. சேலத்துக்காரன் என்ற உரிமையில், தோலைப் பிதுக்கி எடுக்கும் மொச்சைப் பருப்பான பிதுக்கம்பருப்பை நினைத்து, 'பிதுக்குநிலை' என்கிறேன்.

சூரமங்கலத்திலிருந்து

---

தம்பி, குழம்பு மணக்கிறது, சொல் நிற்கவில்லை. காய்ந்த மொச்சையையும் ராத்திரி ஊறவைத்துக் காலையில் பிதுக்கத்தானே செய்கிறோம்? உன் சொல் நெற்றுக்கும் பொருந்திப்போகும்.

பழுப்பு வேண்டாம் என்பது சரி. இங்கே ஏற்காட்டில் காப்பி பழுத்த பிறகுதான் பறிப்பு. சிவப்பது மேல்தோல், உள்ளே கொட்டை முற்றுவது வேறு கணக்கு. இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கே குழம்பும்.

நீயே 'திரளத் திரள' என்று எழுதியிருக்கிறாயே, அதையே எடுத்துக்கொள். பிஞ்சு, திரட்சி, நெற்று. மூன்றையும் சேர்த்துச் சொல்ல 'விதை முதிர்வு'.

---

அக்கா, தோற்றேன். மார்கழிச் சந்தையில் காயை அழுத்திப் பார்க்கிறவர் விரல் தேடுவதும் அந்தத் திரட்சியைத்தான். நெல்லுக்கு மட்டும் 'பால் பிடிக்கும் பருவம்' இருக்கட்டும். அங்கே திரட்சியைத் திணிக்க வேண்டாம். நம் பயறு அட்டவணையில் 'பச்சை' என்று வரும் இடங்களைத் திருத்தும்போது கவனம்: பச்சைப் பயறு திரட்சி அல்ல, பெயரில்தான் பச்சை, கடையில் கிடைப்பது நெற்றில் எடுத்தது.