புதுப்பிப்பு: வெயிலில் பலம் பெறும் அந்தச் சிறகு வீரன்

முதுகில் சிறகு, துணைக்கு ஒரு கழுகு, வெயில் பட்டால் பலம்: சிறு வயதில் பார்த்த இந்தக் கார்ட்டூனின் பெயரைக் கேட்டிருந்தேன். பலரும் சொன்னபடி அது ‘பேர்ட்மேன்’தான்! முதல் காட்சியிலேயே தெரிந்துவிட்டது. சொன்ன அனைவருக்கும் நன்றி.

ஹன்னா-பார்பெரா நிறுவனம் 1967இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக எடுத்த தொடர். பாத்திரங்களை வடிவமைத்தவர் அலெக்ஸ் டோத். எகிப்தியச் சூரியக் கடவுள் ரா அளித்த சக்தியால் நாயகன் கைகளிலிருந்து ஒளிக்கதிர் வீசுவான். இருட்டில் அடைத்துவிட்டால் சிறிது சிறிதாகத் துவண்டுபோவான். எதிரிகளுக்கும் அது தெரியும். அவன் சோர்ந்து கிடக்கையில் அவெஞ்சர் என்ற அந்தக் கழுகு பறந்து வந்தால் இப்போதும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. வெல்ல முடியாத வீரர்களைவிட இவனையே எனக்கு அதிகம் பிடிக்கிறது.

இடையில் வரும் ‘கேலக்ஸி ட்ரையோ’ என்ற விண்வெளி மூவர் கதையை முற்றிலும் மறந்திருந்தேன். ஆவியாக மாறுபவன், உடலைப் பெரிதாக்குபவன், ஈர்ப்பு விசையை ஆள்பவள். கதை சுமார்தான், கிராவிட்டி கேர்ள் மட்டும் அருமை.

அடுத்து, அதே ஆண்டில் வந்த ‘ஹெர்குலாய்ட்ஸ்’ பார்க்கப் போகிறேன்.