போலந்துக்குப் போகும் பிள்ளைகள்: யிஷாய் சரீதின் நாவல் நியாயமானதா?

கரிசல்காற்று:
இஸ்ரேலிய எழுத்தாளர் யிஷாய் சரீதின் ‘தி மெமரி மான்ஸ்டர்’ படித்து முடித்தேன். ஹீப்ருவில் 2017இல் வந்த சிறு நாவல். நான் படித்தது ஆங்கிலத்தில். இஸ்ரேலியப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போலந்தின் நாஜி முகாம்களைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டி, யூத இனப்படுகொலை நினைவகமான யாத் வஷேமின் தலைவருக்கு எழுதும் கடிதம்தான் முழுக் கதையும். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் கொடியைப் போர்த்திக்கொண்டு ஆஷ்விட்ஸ், மைதானெக், டிரெப்ளிங்கா என்று போகிறார்கள். பிழைக்க வேண்டுமானால் நாமும் கொஞ்சம் நாஜியாகத்தான் இருக்க வேண்டும் என்கிறான் ஒருவன். படித்ததும் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பயணம் என்ன கற்றுத் தருகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

தாழைமடல்:
சாட்சி யார்? மனம் உடைந்துகொண்டிருக்கும் ஒருவர். அவர் காதில் விழுந்ததைத்தான் நாம் கேட்கிறோம். பஸ்ஸில் ஐம்பது பேர் இருந்தால் ஒருவன் அப்படிச் சொல்வான். மற்றவர்கள் இரவில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று அவருக்கும் தெரியாது, சரீதுக்கும் அக்கறை இல்லை.

கரிசல்காற்று:
அக்கறை இல்லையா? சரீதின் தந்தை யோஸி சரீத் 1999-2000இல் கல்வி அமைச்சராக இருந்தவர். இந்தப் பயணங்களை நடத்துவது அதே அமைச்சகம். வீட்டுக்குள்ளிருந்து எழுந்த குரல் இது. இஸ்ரேலிய அறிவியல் வரலாற்றாசிரியர் யெஹூதா எல்கானாவையும் நினைத்துப் பாருங்கள். பத்து வயதில் ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர். 1988இல் ‘ஹாரெட்ஸ்’ நாளிதழில், பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப யாத் வஷேமுக்கு அனுப்புகிறோமே, அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். அமைச்சகத்தின் போலந்துப் பயணங்கள் தொடங்கியதும் அதே ஆண்டுதான்.

தாழைமடல்:
எல்கானா பெரியவர்களைக் கேட்டார். சரீத் பிள்ளைகளைக் கூண்டில் ஏற்றுகிறார். எனக்கு ரூத்து மோடனின் ‘தி பிராப்பர்ட்டி’ பிடிக்கும், 2013இல் வந்த சித்திர நாவல். வார்சாவுக்குப் பறக்கும் பாட்டியையும் பேத்தியையும் சுற்றி, முகாம் பார்க்கப் போகும் மாணவர்கள் கூச்சல் போடுகிறார்கள். அவர்களைப் பார்த்துச் சிரிப்பு வருகிறது, வெறுப்பு வரவில்லை. அந்த வயதுப் பிள்ளைகள் விமானத்தில் வேறு எப்படி இருப்பார்கள்?

நூலகமாடி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பிள்ளைகள் ஜெர்மானியர்களை விட்டுவிட்டுப் போலந்துக்காரர்களை வெறுப்பதையும் சரீத் எழுதியிருக்கிறார். அதற்குக் காரணம் வயதா? ஆயுதம் தாங்கிய காவலோடு பஸ்ஸிலிருந்து முகாமுக்கும், முகாமிலிருந்து ஓட்டலுக்கும் போனால், அந்நாட்டில் உயிரோடு இருப்பவர் எவரிடம் பேச முடியும்? 2022இல் இரு அரசுகளும் முரண்பட்டுப் பயணங்கள் நின்றபோது, அந்தக் காவலும் சச்சரவில் ஒன்று. நாவல் பிள்ளைகளைக் கூண்டில் ஏற்றவில்லை, பயண நிரலை ஏற்றுகிறது என்றே நான் படித்தேன்.

தாழைமடல்:
அப்படியானால் நாவலின் முடிவு? டிரெப்ளிங்காவில் வழிகாட்டி ஒரு ஜெர்மானிய ஆவணப்பட இயக்குநரைக் கையால் குத்துகிறார். முகாமை 1943இலேயே இடித்துத் தடயம் அழித்துவிட்டார்கள். இப்போது அங்கே நிற்பவை ஏறத்தாழ 17,000 கூர்ங்கற்கள். பலவற்றில் ஊர்ப் பெயர்கள். ஒன்றில் மட்டும்தான் ஒரு மனிதரின் பெயர், தன் இல்லத்து அநாதைப் பிள்ளைகளோடு சாவுக்கும் கூடவே போன யானுஷ் கோர்சாக். அந்த இடத்தில் போய்க் கைகலப்பா? மலிவான உத்தி.

கரிசல்காற்று:
பயண நிரல் பற்றி நூலகமாடி சொன்னது சரி. பிள்ளைகள் வரும் பக்கங்களை மறுபடி படிக்கிறேன். குத்து விஷயத்தில் இறங்கி வர மாட்டேன். பக்கம் பக்கமாக எண்ணிக்கையும் எரியூட்டும் முறையுமே பேசிக்கொண்டிருந்த மனிதருக்குக் கை என்று ஒன்று இருப்பது அங்கேதான் தெரிகிறது.