மலையூர்ப் பள்ளிக்குக் கணக்கு ஆசிரியர், கபடிப் பயிற்சியாளர்: எதைப் பார்த்து எடுப்பது?

அஞ்செட்டிக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். அஞ்செட்டிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் மேலாண்மைக் குழுத் தலைவியாக இருக்கிறேன். மகள் அங்கே எட்டாவது படிக்கிறாள். கணக்கு சார் கலந்தாய்வில் மாறுதல் வாங்கித் தென்காசிக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வயதான அம்மாவை அங்கே விட்டுவிட்டு ஆறு வருடம் இங்கே தனியாகச் சமைத்துச் சாப்பிட்டவர். ஆனால் ஜூலையிலிருந்து கணக்குப் பாடமே நடக்கவில்லை.

இப்போது குழு மூலம் தற்காலிக ஆசிரியர் எடுத்துக்கொள்ள அனுமதி வந்திருக்கிறது. தொகுப்பூதியம் 15,000. இரண்டு விண்ணப்பம். ஒருவன் எங்கள் ஊர்ப் பையன், பி.எட். முடித்தவன், டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறவில்லை. பெரியவர்கள் இரண்டு பேர் வீட்டுக்கே வந்து, "நம்ம பையன்மா, பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இன்னொரு பெண் தேன்கனிக்கோட்டை. டெட் இரண்டாம் தாளில் 97. காட்டு வழி, காலையில் யானை நின்றால் பேருந்து நகராது. தினமும் வந்து சேருவாளா என்று பயம்.

அப்புறம் இன்னொன்று. பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் இல்லை. எங்கள் பெண் பிள்ளைகள் தாங்களாகவே பழகி, குறுவட்டக் கபடியில் இரண்டாமிடம் வந்தார்கள். வெளியூர்க்காரர் ஒருவர், சம்பளமே வேண்டாம், சனி ஞாயிறு பயிற்சி தருகிறேன் என்கிறார். எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை.

பாலக்கோடு ஓய்வு தலைமையாசிரியர்:
அம்மா, 2022-ல் இந்தக் குழு நியமனம் தொடங்கியபோதே உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போனது. அதன் பிறகுதான் டெட் தேறியவர்களுக்கு முன்னுரிமை என்று விதியைத் திருத்தினார்கள். 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கிற பழைய ஆசிரியர்களே இரண்டு ஆண்டுக்குள் டெட் தேற வேண்டும் என்று சொல்லிவிட்டது. பெரியவர்களிடம் இதைச் சொல்லுங்கள், உங்கள் மேல் கோபம் வராது.

ஆனால் 97-ஐப் பார்த்து மட்டும் எடுத்துவிடாதீர்கள். இரண்டு பேரையும் ஏழாம் வகுப்பில் ஒரு பீரியட் பாடம் நடத்தச் சொல்லுங்கள். நீங்கள் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். போர்டைப் பார்க்க வேண்டாம், பிள்ளைகளின் நோட்டைப் பாருங்கள். முடிவைத் தீர்மான நோட்டில் காரணத்தோடு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

ஊத்தங்கரை பி.இ.டி.:
அக்கா, நான் 2012-ல் சேர்ந்த பகுதிநேர உடற்கல்வி ஆசிரியர். வாரத்தில் மூன்று அரைநாள் வேலை. அன்றைக்கு 5,000, 2024-ல்கூட 12,500தான், அப்போதும் மே மாதம் சம்பளம் கிடையாது. அதனால் சம்பளம் வேண்டாம் என்று ஒருவர் வந்தால், எதை வைத்துப் பிழைக்கிறார் என்றுதான் முதலில் கேட்பேன்.

2024 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நடந்ததை மறந்துவிடாதீர்கள். ஒரு தனியார் பள்ளியில், என்.சி.சி.க்குச் சம்பந்தமே இல்லாத ஒருவன் போலி முகாம் போட்டு, பெண் பிள்ளைகளுக்குப் பாலியல் கொடுமை செய்ததை ஊரே அறியும். யூனிஃபார்மைப் பார்த்து நம்பினார்களே தவிர, ஒரு போன் போட்டுக் கேட்கவில்லை. உங்கள் கபடிக்காரரிடம் பி.பி.எட். என்ற உடற்கல்விப் பட்டம் அல்லது பாட்டியாலா என்.ஐ.எஸ். பயிற்சியாளர் சான்றிதழின் அசலைக் கேளுங்கள். மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரியுங்கள். காவல்துறை நன்னடத்தைச் சான்றும் வேண்டும். பயிற்சி நடக்கும்போது ஒரு டீச்சராவது ஓர் அம்மாவாவது மைதானத்தில் இருக்க வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098-ஐச் சுவரில் எழுதி வையுங்கள்.

அரூர் தற்காலிக டீச்சர்:
அந்தப் பெண்ணை எடுத்தால், பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு வாடகை அறை பார்த்துக் கொடுங்கள் அக்கா. எனக்கு முதல் சம்பளமே மூன்று மாதம் கழித்துத்தான் வந்தது. ஊரில் ஒருவர் அட்வான்ஸ் இல்லாமல் வீடு கொடுத்ததால்தான் நின்றேன்.

அஞ்செட்டிக்காரி:
ஐயா சொன்னபடியே செய்தோம். பாடம், முழுக்களின் பெருக்கல். ஊர்ப் பையன் "மைனஸ் இன்ட்டு மைனஸ் பிளஸ்" என்று அழகான கையெழுத்தில் எழுதிப் போட்டான். பிள்ளைகளும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

அந்தப் பெண் சாக்பீஸையே எடுக்கவில்லை. "பெட்டிக்கடையில் தினமும் அஞ்சு ரூபாய் கடன். மூணு நாள் கடனைக் கடைக்காரர் வேண்டாம்னு நோட்டிலிருந்து அடிச்சிட்டார். உனக்கு லாபமா நஷ்டமா?" என்றாள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன், காலையில் ஆடு ஓட்டிவிட்டு வருகிறவன், வகுப்பில் வாயே திறக்காதவன், "பதினஞ்சு லாபம்" என்று கத்திவிட்டான். அப்புறம் தானே நோட்டில் (−3) × (−5) = 15 என்று எழுதினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தீர்மானம் போட்டாயிற்று. அறையும் எங்கள் தெருவிலேயே பார்த்துவிட்டோம். ஊர்ப் பையனிடம் நானே போய்ச் சொன்னேன். அடுத்த டெட்டுக்குப் படிக்கிறேன் அக்கா என்றான்.

கபடிக்காரரிடம் சான்றிதழ் கேட்டேன். "சேவை செய்ய வந்தவனைச் சந்தேகப்படறீங்களா?" என்று கோபித்துக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. பிள்ளைகளுக்கு வருத்தம். என் மகள் இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை. பி.இ.டி. தம்பி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் முறையாகப் படித்த பெண் பயிற்சியாளர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். போக்குவரத்துச் செலவுக்குப் பெற்றோர்களிடம் பணம் திரட்டலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.