இரண்டு பிள்ளைகள், ஒரு அறை, 70 நாள்: கொழும்பில் படமாக்க ஆலோசனை தேவை

கதைக்கொப்பி:
வணக்கம். முழுநீளப் படம் ஒன்றுக்குத் திரைக்கதை எழுதுகிறேன். கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு தோட்டத்தில், அதாவது நெருக்கமான ஏழைக் குடியிருப்பில், ஒற்றை அறை வீடு. 11 வயது அக்கா, 6 வயதுத் தம்பி. அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறா. பார்த்துக்கொள்வதாகச் சொன்ன மாமா இரண்டாம் கிழமையே காணாமல் போகிறார். அதன்பிறகு 70 நாள் இரண்டு பிள்ளைகளும் தனியே சமாளிக்கிறார்கள்.

மூன்று விஷயம் தெரியவேண்டும். 70 நாள் என்பது நம்பக்கூடியதா? நடித்துப் பழக்கமில்லாத பிள்ளைகளை எப்படி இயக்குவது? 10 அடிக்கு 10 அடி அறையில் கமராவையும் ஒலியையும் எப்படிச் சமாளிப்பது?

முகத்துவாரம்:
முதல் கேள்விதான் கதையின் முதுகெலும்பு, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தாய் விட்டுப்போன பிள்ளைகள் தனியே வாழும் கதை, ஜப்பானிய இயக்குநர் கொரே-எடாவின் 'நோபடி நோஸ்' (2004), உங்கள் மனதில் இருக்கும் என்று நினைக்கிறேன். 1988 இல் டோக்கியோவில் நடந்த உண்மைச் சம்பவத்திலிருந்து பிறந்த படம் அது. அங்கே அடுத்த கதவில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமலே வாழலாம். கொழும்புத் தோட்டத்தில் அது நடக்காது. இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர். பைப்படியில் காலை 5 மணிக்கே வாளி வரிசை. யார் வீட்டில் தேங்காய் துருவுகிறார்கள், யார் வீட்டில் துருவவில்லை என்பது எல்லோருக்கும் கேட்கும். மாமா போன மறுநாளே விஷயம் தெரிந்துவிடும். ஒருவருக்கும் தெரியாது என்று எழுதினால் இங்குள்ளவர்கள் பத்தாவது நிமிடத்திலேயே நம்பிக்கை இழப்பார்கள்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கதையை மாடி வீட்டுத் திட்டத்துக்கு மாற்றுவது. வனாத்தமுல்லையில் 2001 இல் சகஸ்புர மாடிக் குடியிருப்பைக் கட்டியதிலிருந்து தோட்டத்துச் சனம் பலர் அப்படியான கட்டடங்களுக்குப் போயிருக்கிறார்கள். கதவை மூடினால் மூடியதுதான். லிஃப்ட் வேலை செய்யாத நாளில் 6 வயதுப் பிள்ளை பையோடு ஒன்பது மாடி ஏறுவதே ஒரு காட்சி.

மற்றது எனக்குப் பிடித்த வழி. தோட்டத்திலேயே வையுங்கள், எல்லோருக்கும் தெரிந்தே இருக்கட்டும். அப்போது பிள்ளைகளின் பயம் பசி மட்டுமில்லை. கிராம சேவகருக்கோ பொலிஸுக்கோ யாராவது சொன்னால் நன்னடத்தை அதிகாரி வருவார், அக்காவைப் பெண் பிள்ளைகள் இல்லத்திலும் தம்பியை வேறோர் இல்லத்திலும் விடுவார்கள் என்பதுதான் அக்காவின் பயம். அதனால் சாப்பிட்டாச்சு என்று பொய் சொல்வாள். அயலவர்களுக்கும் அது பொய் என்று தெரியும். உங்கள் படம் அந்த இடைவெளியில் இருக்கிறது.

தம்பிக்கு 6 வயது வைத்தது சரி. 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போகக்கூடாது என்று 2013 இல் விதி வந்தது, 2022 இல் தளர்த்தினார்கள். அந்த விதிப்படி தாய் எடுக்கவேண்டியிருந்த குடும்பப் பின்னணி அறிக்கையில் பிள்ளைகளின் பொறுப்பாளராக ஒருவர் ஒப்பமிடவேண்டியிருந்தது. மாமாவின் ஒப்பம் உள்ள அந்தத் தாளின் பிரதி அலுமாரியில் கிடக்கட்டும்.

அடுப்படிக் கணக்கு:
70 நாளைக் கிலோவில் எழுதிப் பாருங்கள், காட்சிகள் தானாக வரும்.

இரண்டு பேருக்கும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 350 கிராம் அரிசி, 80 கிராம் பருப்பு. 5 கிலோ அரிசி இரண்டு கிழமைக்குத்தான். காஸ் 12.5, 5, 2.3 கிலோ சிலிண்டர்களில் வருகிறது. நடுத்தர அடுப்பு மணிக்கு சுமார் 130 கிராம் எரிக்கும். நாளைக்கு 50 நிமிடம் சமைத்தால் 2.3 கிலோ 21 நாளில் தீரும், 5 கிலோ ஒன்றரை மாதம் வரும். 12.5 கிலோ வைத்தால் படம் முடிந்தும் தீராது. எனவே சின்ன சிலிண்டர். 22 ஆம் நாள் சுவாலை மஞ்சளாகி, அரைவேக்காட்டில் சோறு நிற்கும். அதன்பின் சமையல் இல்லை, அரை றாத்தல் பாணும் சீனியும்தான்.

கடைக்காரரின் கடன் கொப்பியை மறக்காதீர்கள். முதலில் பாண், பருப்பு, சவர்க்காரம் என்று வரி வரியாக இருக்கும். பிறகு சவர்க்காரம் காணாமல் போகும். அந்த ஒரு பக்கத்தைக் கிட்டத்தில் காட்டினால் வசனம் தேவையில்லை.

சவர்க்காரம் இல்லை என்பது பள்ளி உடுப்பில் தெரியும். நம் வெள்ளைச் சீருடை எதையும் மறைக்காது. ஒரே சட்டையில் மூன்று வாங்குங்கள்: புதியது ஒன்று, 15 தடவை தோய்த்தது ஒன்று, தேத்தண்ணிச் சாயத்தில் நனைத்துக் கொலரைக் கல்லில் தேய்த்தது ஒன்று. முழுச் சட்டையும் ஒரே பழுப்பாக இருந்தால் சாயம் போட்டது தெரிந்துவிடும். கொலரின் உள்மடிப்பும் கை ஓரமும்தான் கருக்கவேண்டும். அக்காவின் தலையையும் பாருங்கள். அம்மா இழுத்துப் பின்னிய இரட்டைப் பின்னலில் வகிடு நேராக இருக்கும். தானே பின்னும்போது பின்பக்க வகிடு கோணும்.

கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 2022 என்றால் காஸ் வரிசை, மண்ணெண்ணெய் வரிசை, மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு எல்லாம் வந்தாகவேண்டும். விலைகளும் அந்த ஆண்டின் விலைகளாகவே இருக்கவேண்டும்.

நோன்பு மாதம் வந்தால் பள்ளிவாசலில் பின்னேரம் கஞ்சி கொடுப்பார்கள். பாத்திரத்தோடு வரும் பிள்ளையை யாருடைய பிள்ளை என்று கேட்கமாட்டார்கள்.

தொகுப்பு மேசை:
பிள்ளைகளைப் பற்றி.

கொரே-எடா அந்தப் படத்தைக் கதை வரிசையிலேயே ஏறக்குறைய ஒரு வருடமாக எடுத்தார். பிள்ளைகளுக்குத் திரைக்கதை கொடுக்கவில்லை, வசனத்தை அந்த இடத்திலேயே வாயால் சொன்னார். மூத்த பையனாக நடித்தவருக்குக் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தபோது வயது 14. ஒரு வருடம் உங்களால் முடியாது, ஆனால் வரிசையாக எடுக்க முடியும். 6 வயதென்றால் பாற்பல் விழும் காலம். படப்பிடிப்பின் 12 ஆம் நாள் முன்பல் விழுந்தால், வரிசை மாற்றி எடுத்த படத்தில் பல் போய்ப் போய் வரும். வரிசையில் எடுத்தால் விழுந்த பல்லே கதைக்குள் வந்துவிடும். தலைமயிர் மாதத்துக்கு ஒரு சென்டிமீற்றருக்கு மேல் வளரும். படப்பிடிப்பு முடியும்வரை வெட்டவேண்டாம் என்று பெற்றோரிடம் முதல் நாளே சொல்லுங்கள்.

வசனத்தை எழுதியபடி ஒப்புவிக்க வைத்தால் மேடைப் பேச்சுப்போட்டிக் குரல் வரும். என்ன வேண்டும் என்பதை மட்டும் சொல்லுங்கள்: "அவனிட்ட இருக்கிற பனிஸ வாங்கணும், ஆனா கேக்கக் கூடாது." கொட்டாஞ்சேனைப் பிள்ளை தமிழுக்குள் சிங்களத்தைக் கலந்து கதைக்கும். அதைத் திருத்தாதீர்கள்.

அழவைப்பதற்காகப் பயமுறுத்துவதும், அம்மா வரமாட்டா என்று உண்மைபோலச் சொல்வதும் கூடவே கூடாது. அந்தப் பிள்ளையின் அம்மா உண்மையிலேயே வெளிநாட்டில் இருக்கலாம். பசிக் காட்சிக்குப் பட்டினி போடவும் கூடாது, சாப்பிட்ட பிள்ளை பசியை நன்றாகவே நடிக்கும். காட்சிக்குக் காட்சி பக்கத்தில் இருக்க, இயக்குநருக்குக் கீழே வேலை செய்யாத ஒரு பெரியவர் வேண்டும். பிள்ளையைக் கூட்டிப்போகும் அதிகாரம் அவருக்கு இருக்கவேண்டும்.

வேலைக்கமர்த்தும் குறைந்த வயது 2021 இலிருந்து 16. ஆகவே நடிக்கவைப்பதற்கான நிபந்தனைகளைத் தொழில் திணைக்களத்திடமும் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையிடமும் எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள். சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்தைக் குழுவில் எல்லோரும் வைத்திருக்கவேண்டும். சம்பளத்தில் ஒரு பங்கைப் பிள்ளையின் பெயரில் வங்கியில் போடுங்கள். விளம்பரப் பேட்டியில் தோட்டத்தின் பெயரைச் சொல்லாதீர்கள்.

ஒலிப்பெட்டி:
சுருக்கமாகச் சொல்கிறேன். கமரா தம்பியின் கண் உயரத்தில், அதாவது நிலத்திலிருந்து சுமார் 105 சென்டிமீற்றரில் நிற்கட்டும். பெரியவர்களின் முகம் சட்டகத்துக்கு வெளியே போனாலும் பரவாயில்லை. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். வினாடிக்கு 25 பிரேமில் 1/50 வினாடி ஷட்டர் வையுங்கள், 1/60 வைத்தால் டியூப் லைட் துடிக்கும்.

ஒலிதான் பெரிய தலையிடி. காற்றாடியையும் குளிர்சாதனப் பெட்டியையும் நிறுத்தவேண்டும். நிறுத்தும்போது வாகனச் சாவியை அதற்குள் வையுங்கள், அப்போதுதான் போகும்போது திரும்பப் போட மறக்கமாட்டீர்கள். அது பக்கத்து வீட்டாரின் சாப்பாடு. தெருத் தெருவாகப் பாண் விற்கும் சூன் பாண் ஆட்டோ பேத்தோவன் மெட்டோடு ஒவ்வொரு பின்னேரமும் வரும். அதைத் தடுக்கப் பார்க்காமல் தனியாகப் பதிந்துகொள்ளுங்கள். கையில் காசு இருந்த நாளிலும் இல்லாத நாளிலும் அதே மெட்டைப் போடலாம். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை தகரத்தில் விழுந்தால் வசனம் ஒன்றும் மிஞ்சாது. உள் காட்சிகளைக் காலையில் முடியுங்கள்.

கதைக்கொப்பி:
எல்லோருக்கும் மிக்க நன்றி. தோட்டத்திலேயே வைக்கிறேன். சித்திரைப் புத்தாண்டுக்குப் பக்கத்து வீட்டு அன்ரி பலகாரத் தட்டு அனுப்புகிறா. வந்த தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று அக்காவுக்குத் தெரியும். வீட்டில் சீனி மட்டும்தான் இருக்கிறது. இதை எப்படி எடுப்பது?

முகத்துவாரம்:
சீனிப் போத்தலைத் தலைகீழாகத் தட்டட்டும், ஒரு பிடிதான் வரட்டும். தட்டு சில்வராக இருந்தால் சீனி விழும் சத்தம் கேட்கும், பிளாஸ்டிக்கில் கேட்காது. தட்டைக் கொண்டுபோகும்போது தம்பி விரலை வைப்பான், அக்கா கையைத் தட்டிவிடுவாள். தட்டை வாங்கும் அன்ரியின் முகத்தைக் காட்டவேண்டாம். அவவின் கை தட்டில் ஒரு கணம் நிற்கட்டும். பிறகு அந்தச் சீனியைக் கொட்டாமல் அப்படியே உள்ளே கொண்டுபோகட்டும். ஒவ்வொரு டேக்குக்கும் தட்டைத் துடைக்க உலர்ந்த துணி வைத்துக்கொள்ளுங்கள். ஈரமிருந்தால் சீனி ஒட்டிக்கொள்ளும், சத்தம் வராது.