1982 புல்லட் 350: ஏற்காடு மேட்டில் ‘டங் டங்’ சத்தம். பிக் எண்ட் போய்விட்டதா?

கேட்டவர் (சேலம்):

வணக்கம். அப்பா வைத்திருந்த 1982 மாடல் புல்லட், காஸ்ட் அயர்ன் இன்ஜின், பாயிண்ட் இக்னிஷன் (பாயிண்ட் என்ற சுவிட்ச் திறக்கும்போது பிளக்கில் நெருப்பு விழும் பழைய முறை). போன மாதம் ஏற்காடு ஏறும்போது ஐந்தாறு கொண்டை ஊசி தாண்டியதும் இன்ஜினிலிருந்து ‘கிணிகிணி’ என்று சத்தம் வர ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரைக் குறைத்தால் அது நின்றுவிடும். ஆனால் சட்டென்று மூடும்போது ‘டங் டங்’ என்று கனமாக இன்னொரு சத்தம் வருகிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் லேசான தடதடப்பும் உண்டு.

பக்கத்துப் பட்டறையில் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, “பிக் எண்ட் போச்சு, கிராங்கை இறக்கணும், இருபதாயிரத்துக்கு மேல ஆகும்” என்கிறார்கள். பிஸ்டனின் ராட் கிராங்கோடு சேரும் இடத்து பேரிங்தான் பிக் எண்ட். அப்பாவின் வண்டி என்பதால் செலவுக்கு யோசிக்கவில்லை. ஆனால் இதுவரை பிரிக்காத கிராங்க். தேவையில்லாமல் பிரிக்க மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

மதுரையிலிருந்து ஒருவர்:

டேப்பட்டை (வால்வு தூக்கும் பாகத்தின் இடைவெளியை) பார்த்தீர்களா நண்பரே? இந்த இன்ஜினில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தேவையில்லை. இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பிஸ்டன் கம்ப்ரஷனில் உச்சிக்கு வந்ததும் வலது பக்கம் டேப்பட் மூடியைத் திறந்து புஷ் ராடை (வால்வைத் திறக்க மேலே தள்ளும் கம்பியை) விரலால் சுற்றிப் பாருங்கள். தாராளமாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. ஆடினால் டிக் டிக் என்று அடிக்கும்.

கேட்டவர்:

பார்த்தேன் சார். இரண்டும் சரியாகச் சுற்றுகின்றன, ஆட்டம் இல்லை. ஆயில் 20டபிள்யூ50, அளவும் சரி. இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். கொஞ்ச நாளாகக் கிக்கர் திருப்பி அடிக்கிறது. போன வாரம் கணுக்கால் வீங்கிவிட்டது.

லேத் பட்டறைக்காரர் (கோவை):

தம்பி, கிக்கர் திருப்பி அடிப்பதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். பாதி விடை அதில்தான் இருக்கிறது. நீங்கள் ஒரே கோளாறாக நினைப்பது மூன்று தனித்தனிச் சத்தம். அப்படித்தான் எனக்குப் படுகிறது.

முதலில் மேட்டில் வரும் கிணிகிணி. லோடு இருக்கும்போது மட்டும் வந்து, ஆக்சிலேட்டரைக் குறைத்ததும் நின்றால் அது பிங்கிங். பிளக் நெருப்பு சீக்கிரமே விழுந்து, பிஸ்டன் மேலே வந்து சேருவதற்குள் அழுத்தம் எகிறி, மீதிப் பெட்ரோல் தானாக வெடிக்கிறது. இந்த இன்ஜினின் கம்ப்ரஷன் குறைவு, சாதாரண பெட்ரோலிலேயே ஓடும். அதனால் பெட்ரோலைச் சந்தேகிக்கும் முன் டைமிங்கை, அதாவது நெருப்பு விழும் நேரத்தைப் பாருங்கள். கிக்கர் திருப்பி அடிப்பதும் அதே காரணத்தால்தான்.

பாயிண்ட் பிளேட்டுக்கு அடியில் ஸ்பிரிங் மாட்டிய இரண்டு எடைகள் இருக்கும். வேகம் கூடக்கூட அவை விரிந்து டைமிங்கை முன்னே தள்ளும், வேகம் குறைந்தால் ஸ்பிரிங் இழுத்து உள்ளே கொண்டுவரும். நாற்பது வருட கிரீஸ் இறுகிப்போனால் விரிந்தபடியே நின்றுவிடும். பாயிண்டைத் திறக்கும் கேமை விரலால் திருகி விடுங்கள். சட்டென்று திரும்பி வர வேண்டும். வராவிட்டால் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, ஒரு சொட்டு ஆயில் விட்டு மாட்டுங்கள். பிறகு பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. எடைகள் மூடிய நிலையில், பிஸ்டன் உச்சிக்கு வர 0.8 மி.மீ. இருக்கும்போது பாயிண்ட் திறக்க வேண்டும். சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய தாளைப் பாயிண்ட் நடுவில் வைத்து மெதுவாக இழுங்கள், விடுபடும் இடம்தான் திறக்கும் இடம்.

அடுத்து டங் டங். பிக் எண்ட் போனாலும் இப்படித்தான் கேட்கும், லோடு மாறும்போது அடிக்கும். அந்தப் பட்டறைக்காரர் சொன்னது வெறும் பயமுறுத்தல் இல்லை. ஆனால் இதே சத்தத்தைத் தரக்கூடிய இன்னும் இரண்டு சாமான்கள் இடது பக்க மூடிக்குள் இருக்கின்றன. தளர்ந்த பிரைமரி செயின் (கிராங்கிலிருந்து கிளட்சுக்குப் போகும் செயின்) ஒன்று, கிராங்க் முனையில் உட்கார்ந்திருக்கும் ஆல்டர்னேட்டர் ரோட்டர் (கரண்ட் தயாரிக்கச் சுழலும் காந்தம்) இன்னொன்று. ரோட்டர் நட் தளர்ந்தால் ரோட்டர், தன்னைக் கிராங்கோடு பூட்டும் சின்னத் துண்டான கீயில் முன்னும் பின்னும் ஆடி, கிராங்க் உடைந்ததுபோல் அடிக்கும். இதைப் பிக் எண்ட் என்று நினைத்து இன்ஜினைப் பிரித்து, புது ராட் போட்டு, மறுபடி அதே சத்தத்தோடு வந்த வண்டிகளை நான் கையால் தொட்டிருக்கிறேன்.

நீளமான ஸ்க்ரூ டிரைவர் எடுத்து, பிடியைக் காதோரம் வைத்து, முனையை முதலில் வலது பக்க டைமிங் மூடியிலும் (கேம் கியர்களை மூடியிருப்பது), அப்புறம் சிலிண்டர் அடியிலும், கடைசியாக இடது பக்க மூடியிலும் வையுங்கள். எங்கே பலமாகக் கேட்கிறது என்று எழுதுங்கள். சமீபத்தில் இடது பக்கத்தை யாராவது பிரித்தார்களா?

கேட்டவர்:

ஆமாம் அண்ணா. இரண்டு மாதம் முன்பு வேறொரு இடத்தில் பிரைமரி செயின் மாற்றினார்கள். சத்தம் அதற்குப் பிறகுதான். ஸ்க்ரூ டிரைவரில் இடது பக்க மூடியில்தான் பலமாகக் கேட்கிறது.

லேத் பட்டறைக்காரர்:

அப்படியானால் மூடியைக் கழற்றிவிட்டுத்தான் மறு வேலை. செயின் மாற்ற ரோட்டரைக் கழற்றியே ஆக வேண்டும். மூடிக்கு நடுவில் ஒரே நட்தான். கீழே பாத்திரம் வையுங்கள், உள்ளே இருப்பது தனி ஆயில். அதில் பளபளவென்று தூள் இருக்கிறதா என்று வெயிலில் பாருங்கள். ரோட்டரைக் கையால் பிடித்து அசையுங்கள். செயின் மேல் பக்கம் 6 மி.மீ. அளவு தளர்வு இருக்கலாம், ஆனால் சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் பார்த்து, இறுக்கமான இடத்தில் அந்த அளவு வையுங்கள்.

ரோட்டர் நட்டை இறுக்கிய பிறகு பிக் எண்டையும் அங்கேயே சோதித்துவிடலாம். பிளக்கைக் கழற்றி, பிஸ்டன் பாதி வழியில் இருக்கும்போது பிளக் ஓட்டை வழியாக ஒரு மரக்குச்சியை விட்டு ஒருவர் அழுத்திப் பிடிக்கட்டும். நீங்கள் ரோட்டர் நட்டில் ஸ்பேனர் போட்டுக் கிராங்கை மிக லேசாக இரு பக்கமும் அசையுங்கள். கிராங்க் அசைந்தும் குச்சி அசையாமல் நின்று பிறகு ‘டொக்’ என்று துள்ளினால் ராடில் ஆட்டம். பின்சக்கரத்தைத் திருப்பிச் செய்யாதீர்கள், கியர், செயின் தளர்வெல்லாம் சேர்ந்து ஏமாற்றும்.

மதுரையிலிருந்து ஒருவர்:

ஆயில் ஏறுகிறதா என்பதையும் பார்த்துவிடட்டும். இன்ஜின் ஓடும்போது ஹெட்டில் வால்வை அழுத்தும் ராக்கருக்குப் போகும் பைப்பின் போல்ட்டை அரைச் சுற்றுத் தளர்த்தினால் ஆயில் கசிய வேண்டும்.

லேத் பட்டறைக்காரர்:

அவசியம் பார்க்க வேண்டும். ஆனால் ஹெட்டுக்கு ஆயில் வந்தால் பிக் எண்டுக்கும் போகிறது என்று அர்த்தமில்லை. டைமிங் மூடியிலிருந்து கிராங்குக்கு ஆயில் நுழையும் இடத்தில் ஒரு சின்ன கார்க் சீல் இருக்கிறது. அது காய்ந்து சுருங்கினால் ஆயில் உள்ளே போகாமல் வெளியே வழிந்து, சுற்றி வந்துகொண்டே இருக்கும், பார்ப்பதற்கு எல்லாம் சரியாகத் தெரியும். இந்தக் காலத்து இன்ஜினில் பிக் எண்ட் ஃப்ளோட்டிங் புஷ், ஆயில் படலத்தில் மிதந்துதான் உயிரோடு இருக்கிறது. சில ரூபாய் கார்க்கினால் கிராங்கை இழக்காதீர்கள். டைமிங் மூடி எப்போது திறந்தாலும் புதிது போடுங்கள்.

கேட்டவர்:

ஞாயிறு முழுக்க உட்கார்ந்தேன். மூடியைக் கழற்றியதும் ஆயில் சாம்பல் நிறத்தில் மினுமினுத்தது. ரோட்டர் நட் விரலாலேயே திரும்பியது. அதன் ஸ்பிரிங் வாஷரைப் போடவே இல்லை. கீயின் ஓரம் நசுங்கியிருக்கிறது, ரோட்டரைச் சுற்றியிருக்கும் ஸ்டேட்டரில் (அசையாத காயில்) ஒரு பக்கம் ரோட்டர் உரசிய தடம். புதுக் கீ, வாஷர் போட்டு இறுக்கினேன். குச்சி வைத்துப் பார்த்ததில் ராடில் துள்ளல் எதுவும் இல்லை. ராக்கருக்கு ஆயில் வருகிறது. டைமிங் பக்கத்தையும் திறந்தேன், கார்க் கல்லாகியிருந்தது, மாற்றிவிட்டேன்.

நீங்கள் சொன்னபடியே அட்வான்ஸ் எடைகளில் ஒன்று விரிந்தபடி ஒட்டிக்கொண்டிருந்தது. கழுவி, டைமிங் வைத்த பிறகு கிக்கர் திருப்பி அடிக்கவில்லை. நேற்று ஏற்காடு இருபது வளைவும் ஏறினேன். கிணிகிணியும் இல்லை, டங் டங்கும் இல்லை. காலைத் தடதடப்பு மட்டும் இரண்டு நிமிடம் வருகிறது, சூடேறியதும் போய்விடுகிறது.

லேத் பட்டறைக்காரர்:

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது தம்பி. அந்தத் தடதடப்பு பிஸ்டன் சத்தம், போர் (சிலிண்டரின் உட்சுவர்) கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. சூடேறியதும் அடங்கும்வரை, புகை வராதவரை ஓட்டலாம். ஆயில் குடிக்க ஆரம்பித்தால் சிலிண்டரை மட்டும் கழற்றிக் கொண்டு வாருங்கள், அடுத்த சைஸ் பிஸ்டனுக்குப் போர் போட்டுத் தருகிறேன். ரோட்டர் நட்டை நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.