பசங்களுக்குப் பாறைக்கடல் பார்க்கணும், அம்மாவுக்கு முழங்கால் வலி. எங்கே போகலாம்?

சென்னிமலைத் தறி:

வணக்கமுங்க. பொங்கல் லீவில் ஐந்து பேர் கிளம்புகிறோம். நான், வீட்டில், ஏழாவதும் நாலாவதும் படிக்கிற பசங்க இரண்டு பேர், அப்புறம் அம்மா. அம்மாவுக்கு 67 வயது. இத்தனை வருஷத்தில் கடலைப் பார்த்தது ஒரே தடவை. திருச்செந்தூரில் கூட்டத்துக்கு நடுவே நின்று தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்ததுதான்.

பசங்களுக்கு மணல் கடற்கரை வேண்டாமாம். பாறையில் அலை மோதித் தெறிக்கிற இடம்தான் வேண்டுமாம். அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். பத்துப் படி ஏறினால் அன்று ராத்திரி தூக்கம் இல்லை. கன்னியாகுமரி, வர்க்கலை, கண்ணூர் மூன்றையும் யோசித்து வைத்திருக்கிறோம். போய் வந்தவர்கள் சொல்லுங்கள். பசங்க இரண்டு பேரும் கிணற்றில் நன்றாக நீந்துவார்கள், அதனால் தண்ணீர் பயம் இல்லை.

பொள்ளாச்சி இளநீர்:

அண்ணா, கண்ணூர் போங்க. கோயமுத்தூரில் ரயில் ஏறினால் பாலக்காடு, ஷொர்ணூர், கோழிக்கோடு வழியாக நேராகப் போய்விடலாம். அங்கே ஒரு கார் பிடித்து முழப்பிலங்காடு கடற்கரைக்குப் போங்க. கெட்டி மணல், சுமார் நாலு கிலோமீட்டருக்குத் தண்ணீர் ஓரமாகவே வண்டி ஓட்டலாம். அம்மா சீட்டை விட்டு இறங்காமலே கடலைப் பார்க்கலாம். கறுப்புப் பாறைகள் அலையின் வேகத்தைத் தடுப்பதால் கரை ஓரம் ஓரளவு அமைதியாக இருக்கும். ஆனால் உங்கள் பசங்க கேட்கிற மாதிரி தெறிக்குமா என்றால், அங்கே குறைவுதான்.

வர்க்கலையில் செம்பாறை மேட்டின் மேலே நடக்க அருமையாக இருக்கும். மேட்டிலிருந்து மணலுக்கு இறங்கப் படிக்கட்டு. அம்மாவை நினைத்தால் அது சரிப்படாது.

மஞ்சமண்டிக் கணக்கு:

தம்பி, இடம் அப்புறம் சொல்கிறேன். முதலில் நீங்கள் எழுதின கடைசி வரி. கிணற்றில் நீந்துவார்கள், அதனால் பயமில்லை என்கிறீர்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு கேட்கவில்லை. மண்டியில் கணக்கு நோட்டை மூடி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நானும் கீழ்பவானி வாய்க்காலில் நீந்தி வளர்ந்தவள்தான். வாய்க்கால் ஒரே பக்கமாகத்தான் இழுக்கும், கொஞ்சம் கையைப் போட்டால் கரை வந்துவிடும். கிணற்றிலோ தண்ணீர் நம்மை ஒன்றும் செய்யாது. அந்தத் தைரியத்தோடுதான் 2016 மாசியில் முட்டம் போனேன். பெரிய மகளை நாகர்கோவில் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறேன், அவளைப் பார்க்கப் போன நேரம். அமாவாசை கழித்து இரண்டு நாள். பாறை காய்ந்து கிடந்தது. கீழ்ப்பக்கம் மட்டும் தார் பூசின மாதிரி கறுப்பாக ஒரு பட்டை. பாறையின் நிறமே அதுதான் என்று நினைத்து அதன் மேல் போய் நின்றேன். பத்துப் பன்னிரண்டு அலை வந்து காலுக்கு நாலடி கீழேயே திரும்பிப் போனது. பேத்திக்குக் கை காட்டுவதற்காகத் திரும்பினேன். அடுத்த அலை இடுப்பில் அடித்தது. நனைந்த அந்தக் கறுப்பு, சோப்பு போட்ட கல் மாதிரி வழுக்கிவிட்டது. பாறையில் ஒட்டியிருக்கிற சிப்பி ஓடு ஒவ்வொன்றும் பிளேடு. இரண்டு முட்டியும் கிழிந்து, இடது மணிக்கட்டு விரிசல் விட்டு, ஒன்றரை மாதம் கட்டோடு இருந்தேன். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர்தான் ஓடி வந்து தூக்கினார். கறுப்புப் பட்டை இருக்கிற வரைக்கும் கடலின் இடம், நிற்பதானால் அதற்கும் நன்றாக மேலே நில்லும்மா என்று சொல்லி அனுப்பினார்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டின நாட்களில் கடல் வழக்கத்தைவிட மேலே ஏறும். காலண்டரில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதைவிட மோசமானது கள்ளக்கடல். தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இந்தியப் பெருங்கடலில் எழும் புயலால் கிளம்புகிற அலை, நாட்கணக்கில் பயணம் செய்து நம் கரைக்கு வந்து சேரும். இங்கே காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும். கடல் மட்டும் திடீரென்று ஏறி வரும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் பக்கம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் கடலில் மூழ்கி இறந்தது அப்படி ஒரு நாளில்தான். அந்த நாட்களுக்கு எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். ஐதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் நிலையம் இதை முன்கூட்டியே சொல்கிறது, செய்தியிலும் வரும். கிளம்புகிற அன்று காலையில் பார்த்துவிட்டுப் போங்கள். இது சித்திரை, வைகாசியில்தான் அதிகம் என்றாலும் பார்ப்பதில் ஒன்றும் குறைந்துவிடாது.

இன்னொன்று. மணல் கரையில் அலை உடையாமல் ஒரு இடம் மட்டும் அமைதியாகத் தெரியும். குளிக்க அதுதான் நல்ல இடம் என்று தோன்றும். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகிற வழி அது, ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அதில் மாட்டினால் நேராகக் கரையைப் பார்த்து நீந்தக் கூடாது, பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். கிணற்றில் பழகின பிள்ளைக்கு அந்த நேரத்தில் இது தோன்றாது. அதனால் இந்தத் தடவை கடலில் நீச்சலே வேண்டாம், பார்க்க மட்டும் போங்கள்.

சரி, இடம். நான் கன்னியாகுமரி மாவட்டத்தைத்தான் சொல்வேன், ஆனால் ஊருக்குள் வேண்டாம். படகு வரிசையில் அம்மாவால் நிற்க முடியாது. காலையில் வட்டக்கோட்டைக்குப் போங்கள், ஊரிலிருந்து ஆறு ஏழு கிலோமீட்டர்தான். கல்லால் கட்டின கோட்டை, கடல் அதன் சுவரிலேயே வந்து மோதும். மேலே போகச் சரிவுப் பாதை இருக்கிறது, படி ஏறாமலே அம்மா போய்விடலாம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை. அதைப் பலப்படுத்திக் கட்டியவர் டிலனாய். 1741-இல் குளச்சல் போரில் டச்சுக்காரர்கள் பக்கம் நின்று திருவிதாங்கூரிடம் பிடிபட்டு, பிறகு அந்த ராஜாவுக்கே தளபதியானவர். ஏழாவது படிக்கிறவனுக்கு இந்தக் கதையைச் சொல்லிக் கூட்டிப்போங்கள்.

சாயங்காலம் நாலு மணிக்கு முட்டம். பசங்க கேட்கிற கடல் அதுதான். கலங்கரை விளக்கத்துப் பக்கம் மேட்டில் அம்மாவுக்கு ஒரு மடக்கு நாற்காலி போட்டுவிடுங்கள், அங்கிருந்தே எல்லாம் தெரியும். பசங்களைப் பாறைக்கு விடுவதற்கு முன்னால் இருபது நிமிஷம் தள்ளி உட்கார வைத்து அலையை எண்ணச் சொல்லுங்கள். எது வரைக்கும் ஏறுகிறது என்று அவர்களே பார்க்கட்டும்.

போகிற வழியில் மணவாளக்குறிச்சி மணலையும் காட்டுங்கள். கொஞ்சம் உள்ளங்கையில் எடுத்து வெயிலில் பிடித்தால் கறுப்புக்கு நடுவே மாதுளை முத்தை நொறுக்கின மாதிரி சிவப்புப் பொடி மின்னும். அது கார்னெட் என்கிற கல், கறுப்பாக இருப்பது இல்மனைட் என்கிற தாது. காங்கேயம் பக்கம் கல் பொறுக்கின நம் ஊர்க்காரர்களுக்கு அதைப் பார்த்தால் கையை எடுக்க மனசு வராது.

பல்லடம் காத்தாடி:

அக்கா சொன்னது அத்தனையும் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். மகரஜோதி வரைக்கும் கன்னியாகுமரி முழுக்க ஐயப்ப சாமிகள் கூட்டம். அறை கிடைப்பது கஷ்டம். நாகர்கோவிலில் தங்கிக்கொண்டால் முட்டமும் பக்கம். கோயமுத்தூரிலிருந்து நாகர்கோவிலுக்கு ராத்திரி ரயில் ஈரோடு வழியாகத்தான் போகிறது, அம்மாவுக்குக் கீழ் பெர்த் கேட்டு முன்கூட்டியே போட்டுவிடுங்கள்.

சென்னிமலைத் தறி:

அக்கா, நீங்கள் எழுதினதை வீட்டில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பெரியவன் முகம் வாடிவிட்டது, ஆனால் புரிந்துகொண்டான். நாகர்கோவிலில் அறை போட்டாச்சு. காலுக்கு என்ன போடுவது?

மஞ்சமண்டிக் கணக்கு:

பின்னால் வார் இருக்கிற செருப்பு போடச் சொல்லுங்கள் தம்பி. ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம், நான் அன்றைக்குப் போட்டிருந்தது அதுதான்.

சென்னிமலைத் தறி:

போய் வந்துவிட்டோமுங்க. வட்டக்கோட்டையில் அம்மா சரிவில் மெதுவாகத் தானே நடந்து மேலே வந்தாங்க, வழியில் இரண்டு தடவை நின்றதோடு சரி. முட்டத்தில் சின்னவன் நோட்டில் கோடு போட்டு எண்ணினான். 74-ஆவது அலை கறுப்புப் பட்டையைத் தாண்டி, நாங்கள் போய் நிற்கலாம் என்று பார்த்து வைத்திருந்த பாறையையே மூடிவிட்டுப் போனது. நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பேரும் எழுந்து இன்னும் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்கள். அம்மா நாற்காலியை விட்டு எழவே இல்லை. இருட்டிப் போச்சும்மா என்றால், இன்னொரு சித்த நேரம் இரு கண்ணு என்றாங்க. கலங்கரை விளக்கத்து வெளிச்சம் சுற்ற ஆரம்பித்த பிறகுதான் கிளம்பினோம்.